கால்லுஸ் எழுதாத கால்லுஸ்: ஆரம்ப அச்சுநூல்களில் ஆள் மாறிய லத்தீன் கவிதைகள்

மைக்கூடு

ஒரு சந்தேகம். 16ஆம் நூற்றாண்டில் அச்சான லத்தீன் கவிதைத் தொகுதி ஒன்றின் மின்நகலைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டுல்லுஸ், திபுல்லுஸ், புரோப்பெர்த்தியுஸ் மூவரையும் ஒரே கட்டாகப் போட்டுவிட்டு, கடைசியில் "கொர்னேலியுஸ் கால்லுஸின் சிதறல்கள்" என்று ஆறு பாடல்களைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் பாட்டு முழுக்க ஒரு கிழவனின் புலம்பல். "பொறாமைக்கார முதுமையே, என் முடிவை விரைவாக்காமல் ஏன் சுணங்குகிறாய்?" என்று ஆரம்பிக்கிறது. காது கேட்கவில்லை, கண் மங்கிவிட்டது, நாக்குக்கு ருசி தெரியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறான்.

ஆனால் கால்லுஸ் ரோமக் கவிஞர், வெர்ஜிலின் நண்பர், எகிப்தின் முதல் ரோமானிய ஆளுநர். அகஸ்டஸின் கோபத்துக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டபோது அவருக்கு வயது 43 என்று ஜெரோம் எழுதுகிறார். 43 வயதில் போனவர் எண்பது வயதுக்காரன் மாதிரி எப்படிப் புலம்பினார்?

ஏடகம்

நீங்கள் படிப்பது கால்லுஸ் இல்லை. மாக்ஸிமியானுஸ். கால்லுஸுக்கு ஏறத்தாழ 570 ஆண்டு பிந்தியவர், 6ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர். மொத்தம் ஆறு எலிஜி (ஈரடிகளால் ஆன பாடல்), 686 அடி. இடைக்காலம் முழுக்க ஐரோப்பியப் பள்ளிக்கூடங்களில் பையன்களுக்கு லத்தீன் கற்றுக்கொடுக்க இதைத்தான் வைத்திருந்தார்கள். கிழவன் பழைய காதலிகளை நினைத்துப் பெருமூச்சு விடும் பாடல்களைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், நீதிநூல் வரிசையில் சேர்த்திருந்தார்கள்! சாசரின் கதையில் ஒரு கிழவன் கோலால் தரையைத் தட்டி "அம்மா, என்னை உள்ளே விடு" என்று பூமியிடம் கேட்பானே, அது இந்த முதல் பாட்டிலிருந்து போனதுதான்.

ஆளை மாற்றியவர் பொம்போனியோ கௌரிகோ. வெனிஸ் பதிப்பு. நூலில் 1501 ஜனவரி என்று இருக்கும், நம் கணக்குக்கு அது 1502. வெனிஸில் அப்போது மார்ச் 1ஆம் தேதிதான் வருடம் பிறக்கும்.

வடகரையான்

ஐயா, ஒரு எதிர்வாதம். 43 வயதுக்காரர் கிழவன் வேடம் போட்டுப் பாடக்கூடாதா? பாட்டில் "நான்" என்று வருவதெல்லாம் கவிஞரே என்று எடுத்துக்கொண்டால் பாதி இலக்கியத்தை ஆள் மாற்றிவிடலாம். வயதைச் சான்றாக வைப்பது பலவீனம்.

ஏடகம்

நியாயமான கேள்விதான். வயதை விட்டுவிடுங்கள், வேறு மூன்று இடங்களைப் பாருங்கள்.

மூன்றாம் எலிஜியில் இளவயதுக் காதல் வருகிறது, அக்விலினா என்ற பெண். அந்தச் சிக்கலில் பையனுக்குப் புத்தி சொல்ல வருபவர் போயேதியுஸ். தத்துவஞானி போயேதியுஸேதான். அவர் 520களில் கொல்லப்பட்டவர். கால்லுஸ் இறந்தது கிறிஸ்துவுக்கு முன் 26 வாக்கில்.

ஐந்தாம் எலிஜியில் பாடுகிறவன் கிழக்கு நாட்டுக்குத் தூது போகிறான், இரண்டு அரசுகளுக்கு நடுவே உடன்படிக்கை செய்ய. அகஸ்டஸ் காலத்தில் ரோமுக்குக் கிழக்கரசு, மேற்கரசு ஏது?

நான்காவதுதான் கையும் களவுமாகப் பிடிபடும் இடம். காந்திதா என்று ஒரு ஆடல்காரி. பாடகியும்கூட. அவள் பாட்டையே இவன் நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு திரிவதைப் பார்த்து ஊரார் கேலி செய்கிறார்கள்: "பாடுகிறான் பார், பாடுகிறவளை மாக்ஸிமியானுஸ் காதலிக்கிறான்." கவிஞன் தன் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறான். கையெழுத்துப் பிரதிகளில் இந்த ஈரடி இருக்கிறது. கௌரிகோ பதிப்பில் இல்லை.

மைக்கூடு

என் கையில் இருக்கும் தொகுதியில் இப்போதுதான் போய்ப் பார்த்தேன். காந்திதா இருக்கிறாள், கேலி செய்யும் வரி இல்லை. முன்னும் பின்னும் உள்ள அடிகள் ஒட்டிக்கொண்டு போகின்றன. தெரிந்து தேடினாலொழிய கண்ணில் படாது.

கத்தரிப்பூ

அப்படியானால் இது பெயர்க் குழப்பம் இல்லை, மோசடி. வரியைத் தூக்கினவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

வடகரையான்

இருக்கிறது கத்தரிப்பூ. அவன் பக்கமும் கொஞ்சம் நின்று பார்ப்போம். கௌரிகோவுக்கு அப்போது இருபது வயது இருந்தால் அதிகம். பாதுவாவில் படிக்கிற பையன். இரண்டாம் எலிஜியைத் திறக்கிறான், அதில் வரும் பெண்ணின் பெயர் லிகோரிஸ். பல வருடம் கூட வாழ்ந்துவிட்டு, இவனுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுப்போகிறவள். லிகோரிஸ் யார்? வெர்ஜிலின் பத்தாவது மேய்ப்பர் பாடலில் கால்லுஸை உதறிவிட்டுப் பனிமலைப் பக்கம் வேறொருவனோடு போனாளே, அவள். கால்லுஸ் தன் காதலிக்குக் கவிதையில் வைத்த பெயர் அது என்று லத்தீன் படித்த எல்லோருக்கும் தெரியும். இருபது வயதில், தொலைந்துபோன மகாகவியின் காதலி பெயர் ஒரு பாட்டில் கண்ணில் பட்டால் எனக்கும் கை நடுங்கும். அந்த நடுக்கத்தில், "மாக்ஸிமியானுஸ்" என்ற வரியை யாரோ பின்னால் செருகியது என்று அவன் நினைத்திருக்கலாம். இடைச்செருகலை நீக்குவது பதிப்பாசிரியர் வேலைதானே?

ஏடகம்

நடுக்கம் வரை ஒத்துக்கொள்கிறேன், வரியை வெட்டியதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாக்ஸிமியானுஸ் யாருக்கும் தெரியாத ஆள் இல்லை. பள்ளிப் பாடநூல், நூறு வருடத்துக்கு மேல் வயதான பிரதிகள் ஊருக்கு ஊர் கிடந்தன. 15ஆம் நூற்றாண்டிலேயே அவர் சொந்தப் பெயரில் அச்சாகியும் இருக்கிறது. ஒரு வரி இடைச்செருகல் என்று தோன்றினால் "இதைச் சந்தேகப்படுகிறேன்" என்று எழுதலாம். சத்தம் போடாமல் எடுத்தது எதற்காக? லிகோரிஸ் என்ற பெயரை மாக்ஸிமியானுஸ் கால்லுஸிடமிருந்து வேண்டுமென்றே எடுத்து வைத்துக்கொண்டார் என்பதுதான் எளிய விளக்கம். பழைய எலிஜி மரபை ஒரு கிழவன் வாயால் பாடவைத்துக் கிண்டல் செய்வதுதான் அவருடைய ஆட்டமே.

பாதி நம்பிக்கை, பாதி பேராசை என்பது என் கணிப்பு. இந்தக் கௌரிகோ மந்தமான ஆளும் இல்லை. 1504இல் சிற்பக்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார், கலை வரலாற்றில் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

தேரை

ரொம்ப நாளாக இந்தக் குழுவில் சும்மா படித்துக்கொண்டிருந்தவன். இதில் ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஓவிட் பக்கம் இதேபோல ஒன்று உண்டு. ஓவிட் தன் "நாயகியர் கடிதங்கள்" நூலில் புராணப் பெண்கள் கணவனுக்கும் காதலனுக்கும் எழுதுவது போலப் பாடினார். சபினுஸ் என்ற நண்பர் அந்தக் கடிதங்களுக்கு ஆண்கள் தரப்பில் பதில் எழுதினார் என்று ஓவிடே "காதல்கள்" இரண்டாம் நூலில் சொல்கிறார். அந்தப் பதில்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

1460களில் ஆஞ்செலோ சபினோ என்ற இத்தாலியப் புலவர், ஓவிடில் வரும் இந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, விளையாட்டாக மூன்று பதில் கடிதங்கள் எழுதினார். யூலிசிஸ் பெனலோப்பிக்கு, டெமோஃபூன் ஃபில்லிஸுக்கு, பாரிஸ் ஈனோனிக்கு. 1477இல் விசென்சாவில் அச்சான ஓவிட் பதிப்பில் அவை சேர்ந்தன. அப்புறம் வந்த பதிப்புகள் வரிசையாக அதையே எடுத்துப் போட்டன. அவருடைய லத்தீன் பெயர் சபினுஸ்தான், முன்னால் முதலெழுத்து மட்டும் போட்டிருக்கும். ஆஞ்செலுஸுக்கும் அதே எழுத்து, ஔலுஸுக்கும் அதே எழுத்து. விளைவு, ஓவிடின் நண்பர் "ஔலுஸ் சபினுஸ்" ஆகி, 15ஆம் நூற்றாண்டுக்காரர் எழுதிய கடிதங்கள் அவர் கணக்கில் ஏறிவிட்டன. பல தலைமுறை வாசகர்கள் அகஸ்டஸ் காலத்துக் கவிதை என்று நினைத்துப் படித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆஞ்செலோ எதையும் மறைக்கவில்லை. 1474இல் ரோமக் கவிஞர் ஜுவெனல் பற்றி ரோமில் வெளியிட்ட நூலிலேயே இந்தக் கடிதங்களைத் தான் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். யாரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் மோசடிக்காரர், இன்னொருவர் அப்பாவி. ஆனால் பொய்யான பெயர் எங்கே போய் ஒட்டுகிறது? புகழ் இருக்கிறது, நூல் இல்லை என்ற ஆட்களிடம்! கால்லுஸை வெர்ஜில் புகழ்கிறார், ஓவிட் புகழ்கிறார், புரோப்பெர்த்தியுஸ் குறிப்பிடுகிறார். அவர் எழுதியதில் அன்று கையில் இருந்தது ஒரே ஒரு அடி, ஹிபானிஸ் ஆறு இரண்டு நிலங்களைப் பிரிக்கிறது என்று. சபினுஸுக்கு அதுவும் இல்லை. அச்சு வந்ததும் எல்லாம் கிடைக்கப்போகிறது என்ற ஆசை படித்தவர்களுக்கு. காலியாகக் கிடந்த நாற்காலிகளை அந்த ஆசைதான் நிரப்பியது என்று நினைக்கிறேன்.

அச்சுக்கோத்தவன்

தேரை தம்பி நன்றாகச் சொன்னார். நான் படித்தவன் இல்லை, ட்ரெடில் மிஷினில் காலம் தள்ளியவன். ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். கடைசி ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) நாலு பக்கம் காலியாக நின்றால் எங்கள் முதலாளிக்குத் தூக்கம் வராது. வெற்றுத்தாளுக்கும் காசு. ஏதாவது மேட்டர் கொடு என்பார், விலைப்பட்டியலோ வாழ்த்துப்பாவோ போட்டு நிரப்புவோம். அந்தக் காலத்துத் தாள் விலைக்கு அவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? வெர்ஜில் முடிந்தது, நாலு பக்கம் மிச்சம், கைவசம் ஒரு சின்னப் பாட்டு, போடு உள்ளே.

ஏடகம்

அண்ணே, தாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அப்போது தாள்தான் பெரிய செலவு. ரோமில் ஸ்வெய்ன்ஹெய்ம், பன்னார்ட்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அச்சகம் நடத்தினார்கள். பெரும்பாலான நூல்களை 275 பிரதி வீதம் போட்டார்கள். 1472இல் போப்பாண்டவருக்கு ஒரு விண்ணப்பம் போகிறது: வீடு முழுக்க விற்காத தாள், சாப்பாட்டுக்கு வழியில்லை என்று. அதில் நூல்வாரியாகப் பிரதிக் கணக்கும் இருக்கிறது, அதனால்தான் 275 என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

ஆனால் வெர்ஜிலில் நடந்தது பக்கம் நிரப்பும் வேலை மட்டும் இல்லை. அவர்களுடைய பதிப்பாசிரியர் ஜொவான்னி அந்திரேயா புஸ்ஸி, ஒரு ஆயர். 1469 வாக்கில் வந்த முதல் வெர்ஜிலில் சில சிறுபாடல்கள் இருந்தன, 1471 மறுபதிப்பில் எண்ணிக்கை கூடியது. கொசுவைப் பற்றிய "கூலெக்ஸ்", சாப்பாட்டுக்கடைக்காரி ஆடும் "கோப்பா", ஒரு ஏழைக் குடியானவன் விடிகாலையில் எழுந்து பூண்டும் பாலாடைக்கட்டியும் மூலிகையும் உரலில் இடிக்கும் "மோரேதும்" இந்த வகை. (மோரேதுமை யார் எழுதியிருந்தாலும் அவர் சமையலறையில் நின்று பார்த்தவர். பூண்டு நெடியில் அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டுவான்.) இவையெல்லாம் அச்சுக்கு முன்பே கையெழுத்துப் பிரதிகளில் வெர்ஜில் பெயரில் இருந்தவை. கூலெக்ஸை வெர்ஜில் எழுதினார் என்று முதல் நூற்றாண்டிலேயே கவிஞர் மார்ஷியல் நம்பினார். அச்சகத்தார் மேல் பழிபோட முடியாது.

கூடவே "நல்லவன்", "ஆம், இல்லை" என்று இரண்டு பாடல்களும் வெர்ஜில் பெயரில் போயின. அவை 4ஆம் நூற்றாண்டு போர்தோக்காரர் ஔசோனியுஸ் எழுதியவை.

செம்பருத்தி

"ரோஜாக்கள்" பாட்டும் இந்தக் கட்டில்தானே? "பெண்ணே, பூ புதிதாக இருக்கும்போதே, உன் இளமையும் புதிதாக இருக்கும்போதே பறித்துக்கொள்" என்று முடியுமே. ஐரோப்பாவில் காதல் கவிதை எழுதிய பாதிப் பேர் இதைத் தொட்டிருக்கிறார்கள்.

ஏடகம்

அதேதான். வெர்ஜில் பெயரில் உலாவிக்கொண்டிருந்ததை 1511இல் பாரீஸில் அலேயாந்த்ரோ என்ற இத்தாலிய அறிஞர் ஔசோனியுஸுக்குக் கொடுத்தார். வெர்ஜில் இல்லை என்பது நிச்சயம். ஔசோனியுஸா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

கத்தரிப்பூ

தேரையின் காலி நாற்காலிக் கதை அழகாக இருக்கிறது, ஆனால் வெர்ஜிலுக்கு ஒத்துவரவில்லையே? அவர் நூல்கள் தொலையவில்லை. அங்கே பெரிய பணக்காரன் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வருவது மாதிரிதான் நடந்திருக்கிறது.

தேரை

உண்மை, இரண்டும் வேறு வேறு இயக்கம். பெரிய பெயர் இழுப்பது ஒரு வகை, தொலைந்த பெயர் இழுப்பது இன்னொரு வகை. முதல் வகை சுவடிக் காலத்திலேயே முடிந்த வேலை. இரண்டாவதுதான் அச்சுக்காலத்தின் நோய் என்று சொல்ல வருகிறேன். இன்னும் இரண்டு சாட்சி.

சுல்பிசியா. ரோமப் பேரரசர் டொமிஷியன் காலத்துப் பெண் கவிஞர், மார்ஷியல் இரண்டு பாடல்களில் அவரைப் பாராட்டுகிறார். 1493இல் பொபியோ மடத்தில் கிடைத்த ஒரு சுவடியில் 70 அடிப் பாட்டு, டொமிஷியன் தத்துவவாதிகளைத் துரத்தியதைக் கண்டித்து, சுல்பிசியா பேசுவதாக. சில ஆண்டுகளில் அச்சேறிவிட்டது. எல்லோருக்கும் கொண்டாட்டம். பிறகு மூலச்சுவடி காணாமல் போனது. 1950இல் வத்திக்கான் நூலகத்தில் அதன் நகல் ஒன்று அகப்பட்டது. அதில் இந்தப் பாட்டு பிற்காலக் குறுங்கவிதைத் தொகுப்பு ஒன்றின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. சுல்பிசியாவுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் பிந்தி யாரோ அவர் குரலில் எழுதியது என்பதுதான் இன்றைய பெரும்பான்மைக் கருத்து.

அடுத்தது பெதோ அல்பினோவானுஸ், ஓவிடின் இன்னொரு நண்பர். அவருடைய கவிதையும் ஏறக்குறைய முழுதாகத் தொலைந்தது. வெர்ஜில் பெயரில் இருந்த, அவருடைய புரவலர் மேசெனாஸுக்கான இரங்கல் பாடல்களையும், ஓவிட் பெயரில் இருந்த "லிவியாவுக்கு ஆறுதல்" பாடலையும் ஒருவர் இந்தப் பெதோவுக்குத் தூக்கிக் கொடுத்தார். யார்? யோசேப் ஸ்கேலிஜர்! வெர்ஜிலின் சிறுபாடல்களை 1572-73இல் லியோனில் தனி நூலாக்கி "பிற்சேர்க்கை" என்று பெயரிட்டவர், அந்த நூற்றாண்டின் ஆகப்பெரிய விமரிசகர். அவராலேயே காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வடகரையான்

சுல்பிசியா உங்கள் கட்சிக்கு முழுச்சாட்சி இல்லை தேரை. அங்கே நாற்காலியை நிரப்பியது அச்சகம் இல்லை, அந்தப் பிற்காலக் கவிஞர். ஆயிரம் வருஷம் முன்னாலேயே நடந்துவிட்டது. அச்சு அதை விற்றது, அவ்வளவே. மற்ற இரண்டும் சரி.

அந்த "லிவியாவுக்கு ஆறுதல்" தலைகீழ் உதாரணம் என்பதையும் சொல்லுங்கள். அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மகன் துரூசுஸ் கிறிஸ்துவுக்கு முன் 9இல் இறந்ததற்கான ஆறுதல் பாடல். ஓவிட் பெயரில் 1471இல் ரோமில் அச்சானது. 15ஆம் நூற்றாண்டுக்கு முந்திய பிரதி எதுவும் இல்லை. 1849இல் ஹௌப்ட் என்ற ஜெர்மன் அறிஞர், இது மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர் ஒருவர் செய்த போலி என்று அடித்துச் சொன்னார். இன்று பெரும்பாலோர், ஓவிட் இல்லை, ஆனால் பழைய பாட்டுதான் என்கிறார்கள். நாலு முறை ஏமாந்த பிறகு நல்ல நோட்டையும் கள்ளநோட்டு என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அது.

மைக்கூடு

கட்டுல்லுஸ் பகுதியில் ஒரு கேள்வி. என்னிடம் இருக்கும் நவீனப் பதிப்பில் 17ஆம் பாட்டுக்கு அப்புறம் நேரே 21. அச்சுப்பிழையா?

ஏடகம்

பிழை இல்லை, தழும்பு. 1554இல் முரே என்ற பிரெஞ்சுக்காரர் வெனிஸில் கட்டுல்லுஸைப் பதிப்பித்தபோது, தோட்டக்காவல் தெய்வம் பிரியாபுஸ் பற்றிய மூன்று பாடல்களை அந்த இடத்தில் செருகினார். ஒன்று பழைய இலக்கணக்காரர் கட்டுல்லுஸ் பெயரால் மேற்கோள் காட்டிய துணுக்கு. மற்ற இரண்டும் வெர்ஜில் பிற்சேர்க்கையில் இருந்தவை. 18, 19, 20 என்று எண் விழுந்துவிட்டது. அடுத்த 270 ஆண்டுக்கு மேல் எல்லோரும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டார்கள். 1829இல் லாஹ்மன் என்ற ஜெர்மன் அறிஞர் மூன்றையும் வெளியே எடுத்தார். ஆனால் அதற்குள் எத்தனையோ உரைகள், அகராதிகள் பழைய எண்ணால் மேற்கோள் காட்டியிருந்தன. பாட்டை எடுக்கலாம், எண்ணை மாற்ற முடியாது.

அச்சு செய்த உண்மையான கெடுதல் இதுதான் என்பது என் எண்ணம். ஆள் மாற்றுவதை ஏடெழுதுவோரும் செய்தார்கள், அது ஒரு ஏட்டோடு, ஒரு ஊரோடு நின்றது. அச்சில் ஒரே தவறு 275 இடத்துக்கு ஒரே நாளில் போகிறது. அடுத்த அச்சகத்தார் சுவடியைத் தேடுவதில்லை, முந்தைய அச்சுநூலை வைத்தே எழுத்துக் கோக்கிறார். ஒரு பாட்டை நீக்கினால் "இவர் பதிப்பில் குறைகிறது" என்று வாங்குகிறவன் பக்கத்துக் கடைக்குப் போவான். அதனால் சேர்ப்பார்கள், நீக்க மாட்டார்கள்.

அச்சுக்கோத்தவன்

அச்சடித்த தாளை வைத்துக் கோப்பது சுலபம் தம்பி. கையெழுத்தை வைத்துக் கோத்துப் பாருங்கள், தெரியும். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

செம்பருத்தி

கடைசியில் கால்லுஸ் கிடைத்தாரா இல்லையா?

வடகரையான்

கிடைத்தார். 1978இல், எகிப்தின் தெற்குக் கோடியில் கஸ்ர் இப்ரிம் கோட்டையில், ஒரு பாப்பிரஸ் துண்டில். அடுத்த வருடம் வெளியிட்டார்கள். சுமார் ஒன்பது அடிகள். லிகோரிஸை விளித்து ஒரு வரி இருக்கிறது, சீசரை விளித்து ஒன்று. கவிஞர் உயிரோடு இருந்த காலத்துக்கு மிக நெருக்கமான பிரதி, அவர் ஆண்ட நாட்டிலேயே. நம்புவீர்களா, அதையும் போலி என்று சில வருடம் கழித்து ஒருவர் வாதாடினார். எடுபடவில்லை.

படித்துப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான், சொல்லிவிடுகிறேன். மாக்ஸிமியானுஸின் கிழவன் இதைவிட நன்றாகப் புலம்புகிறான்.

மைக்கூடு

கௌரிகோ பதிப்பின் பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க வழி உண்டா? பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய அச்சுநூல் பட்டியலில் தேடினேன், வரவில்லை.

ஏடகம்

வராது. அந்தப் பட்டியல் 1500 வரை அச்சானவற்றுக்கு மட்டும். கௌரிகோ ஒரு வருடத்தில் தப்பித்துவிட்டார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பதிப்புகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, எடிட்16 (EDIT16) என்பார்கள், இணையத்திலேயே இலவசம். அதில் மாக்ஸிமியானுஸ் என்று மட்டும் தேடாதீர்கள், கால்லுஸ் என்றும் போட்டுப் பாருங்கள். சில நூலகங்களின் அட்டைகளில் இன்னும் கால்லுஸ்தான் ஆசிரியர்.